குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

தாராவியில் எங்கள் லேபர் கேம்ப் சந்தில் ஒரு பிள்ளை பிறந்தால் பார்க்க வருகிறவர்கள் முதலில் பாகப்பிரிவினை செய்வார்கள். மூக்கு அப்பனுக்கு, நெற்றி அத்தைக்கு, காது மடல் செத்துப்போன பெரியப்பாவுக்கு என்று அந்தப் பிஞ்சு உடம்பைக் கூறு போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் சர்க்கரையை எடுத்து வாயில் போடுவார்கள். பிள்ளை வீறிட்டு அழுதால் அந்தக் கோபத்துக்கும் ஓர் உரிமைக்காரர் உண்டு.

நான் சேலைக்கு ஃபால் வைத்து, ஓரத்துக்கு பீகோ அடித்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், பாதிக் கதவு. சேலை கொண்டு வருகிறவர்கள் தைத்து முடிகிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுக் கதையைப் பிரித்துப் போடுவார்கள். ஒருத்தி சொன்னாள்: "எங்க மாமனார் போயி எட்டு வருஷமாச்சு. அவரு கோவத்தை மட்டும் எங்க வீட்டுக்காரர் இன்னும் ரேஷன் கார்டுல பேரு வெட்டாம வச்சிருக்காரு." இன்னொருத்தி, தோல் வியாபாரம் பார்க்கும் பாய் வீட்டம்மா: "என் மவன் ஆறு மாசப் புள்ளையா இருக்கையிலேயே அவன் வாப்பா மௌத்தாயிட்டாவ. ஆனா பாருங்க, சோத்துல தயிரு பட்டா அதே மாதிரி தட்டைத் தள்ளுதான். யாரு சொல்லிக் குடுத்தா?" இந்த மாதிரிப் பேச்சுக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் படிப்பு இப்படித்தான் நடந்தது.

யார் யாருடைய சாயல் என்று சொல்வதில் நானும் கெட்டிக்காரிதான். என் அப்பாவைப் பார்த்து என்ன சொன்னேன் என்பதை நினைத்தால்தான் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்பா பக்கத்திலேயே ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தார். கோடு போடாமலே கத்தியை நேராக இழுக்கிற கை. எனக்கு இருபது, தம்பிக்குப் பன்னிரண்டு இருக்கும்போது அந்தக் கை தப்ப ஆரம்பித்தது. அப்புறம் கால். சந்துக்குள் வரும்போது இரண்டு பக்கத்துச் சுவரையும் மாறி மாறித் தோளால் உரசிக்கொண்டு வருவார். சும்மா இருக்கும்போதே முகம் சுளிக்கும், தோள் குலுங்கும். எங்களை அதட்டிக்கூடப் பேசாத மனுஷன், ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தூக்கி எறிந்தார். அம்மாவுக்குப் புருவம் கிழிந்தது.

எங்கள் சந்தில் ஓர் ஆம்பளை தள்ளாடினால் அதற்கு ஒரே காரணம்தான். அம்மா தினமும் சாயங்காலம் அவர் வாயை முகர்ந்து பார்ப்பாள். ஒரு வாசனையும் இருக்காது. அதற்கும் பக்கத்து வீட்டுக்காரி பதில் வைத்திருந்தாள். "வாசம் வராத சரக்கு ஒண்ணு வந்திருக்காம் மைனி. பெரிய ஆபீசருமாரெல்லாம் அதத்தான் குடிக்காவளாம்." தோல் வெட்டுகிற கூலிக்காரருக்கு அந்தச் சரக்கு எங்கே கிடைக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பா குடித்ததே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் பட்டறையில் ஊற்றிக் கொடுப்பார்கள், ஒரு மிடறு குடிப்பார். அந்த ஒரு மிடறு எல்லோருக்கும் போதுமான சாட்சியாக இருந்தது.

சந்தின் கோடியில் ஒரு சின்ன மாடன் கோயில் உண்டு. குடியை விட நினைக்கிறவர்களுக்கு அங்கே கயிறு கட்டுவார்கள். எரிகிற கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டி "இனித் தொட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். பூசாரி மணிக்கட்டில் கறுப்புக் கயிற்றைக் கட்டுவார். கயிறு இருக்கும்போது குடித்தால் கட்டிய கை விளங்காமல் போகும் என்பது பயம். அந்தப் பயத்தில் குடியை விட்டுப் பிழைத்த வீடுகள் எங்கள் சந்தில் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

அப்பாவை அங்கே கூட்டிப் போனது நான்தான். அவர் நடுவழியில் நின்றார். "நான் குடிக்கலையே தாயி. குடிக்காத கைக்கு எதுக்குக் கயிறு?"

நான் சொன்னேன்: "குடிக்கலேன்னா கட்டிக்கிடுததுல என்ன பயம்?"

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் "பொம்பளப்புள்ள என்னமா கேட்டுட்டா பாரு" என்றார்கள். என் வாயில் வந்த சொல்லைச் சந்தே மெச்சியது அன்றைக்குத்தான். அப்பா வந்து கையை நீட்டினார்.

கயிறு கட்டிய பிறகு கை முன்னைவிட ஆடியது. அது போதுமே. கயிற்றோடு குடித்திருக்கிறார், மாடன் கையைப் பிடித்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும்தான். மறுபடியும் கட்டினோம், மறுபடியும் ஆடியது. மூன்று கயிறு. நானும் தம்பியும் அம்மா இல்லாத நேரத்தில் அப்பா மாதிரி நடந்து காட்டிச் சிரித்திருக்கிறோம். அதில் தம்பியைவிட நான் கெட்டி. ஐம்பத்தோரு வயதில், கையில் உருட்டிக் கொடுத்த சோறு தொண்டையில் அடைத்து அப்பா செத்தார். "குடிச்சே போயிட்டான்" என்று தூக்கிப் போகும்போது யாரோ சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன்.

தம்பி அன்றைக்கு அப்பாவின் காலடியில் நின்று, சாகும்வரை குடியைத் தொட மாட்டேன் என்று சொன்னான். சொன்னபடியே இருந்தான். கல்யாண வீட்டில் ஜூஸ் கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். இருமல் மருந்து குடிக்க மாட்டான். செம்பூரில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் மேன் வேலை. "எக்கா, நான் நாள் பூரா மேலே மேலே போயிட்டிருக்கேன், சாயந்தரம் பாத்தா கீழேதான் நிக்கேன்" என்பான். அவன் பெண்டாட்டி காய்ச்சலில் போனபோது மகளுக்குப் பத்து வயது. எனக்குப் புருஷனும் தங்கவில்லை, பிள்ளையும் இல்லை. இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான், பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டது அவன். ரோட்டைத் தாண்டும்போது அப்பனும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு ஓடுவார்கள். வேலைக்குப் போய், கல்யாண் ஊர்ப் பக்கம் நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுகிற வரைக்கும் அவளுக்கு அப்பாதான் எல்லாம்.

தம்பிக்கு நாற்பத்தேழு முடிந்த சமயம் அது தொடங்கியது. ஐந்தாம் மாடி கேட்டவரை எட்டாம் மாடிக்குக் கொண்டுபோனான். தொடையின் மேல் விரல்கள் ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி தாமாக ஆடின. எல்லோரையும் சிரிக்க வைக்கிறவன், ஒரு பெரியவர் இரண்டு தடவை கூப்பிட்டதற்கு உட்காருகிற ஸ்டூலைத் தூக்கி எறிந்தான். "பேவ்டா சாலா" என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பேவ்டா என்றால் இந்த ஊரில் மொடாக்குடிகாரன். அவன் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது, என் அம்மா செய்ததை நான் செய்தேன். கிட்டே போய் வாயை முகர்ந்தேன். அவன் விலகவில்லை. சின்னப் பிள்ளை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு நின்றான்.

"நல்லா மோந்து பாருக்கா. ஒருவேள எனக்கே தெரியாமக் குடிச்சிருப்பேனோ என்னமோ."

மகளுக்கு வளைகாப்பு சுனாபட்டியில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. ஏழாம் மாதம். வளையல் தட்டைத் தானே எடுத்துத் தருவேன் என்று அப்பன் அடம்பிடித்து வாங்கினான். நாலு எட்டு வைப்பதற்குள் கை ஒரு உதறு உதறியது. அத்தனை கண்ணாடி வளையலும் தரையில் சிதறின. மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் இந்தியில் ஏதோ சொன்னார், நாலு பேர் சிரித்தார்கள். மகள் அலங்காரத்தோடு எழுந்து வந்து, சிரித்த முகத்தை மாற்றாமலே மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, ப்ளீஸ். நீங்க வீட்டுக்குப் போங்க." அவன் செருப்பை விட்டுவிட்டுப் போனான். முதல் பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அவள் வரவில்லை. "அங்க அப்பா இருக்காங்கல்ல" என்று ஃபோனில் சொன்னாள்.

அதன் பிறகு தம்பி கடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஃபால் துணியை எடுத்துக் கொடுப்பான், விழுந்த ஊசியைத் தேடுவான். ஒருநாள் மத்தியானம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன் மூன்று எட்டில் இரண்டு சுவரையும் இடித்தான். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். காலையிலிருந்து என் கண்ணெதிரே இருக்கிறான், மூத்திரத்துக்குப் போனால்கூட எனக்குத் தெரியும். எப்போது குடித்தான்? இவன் குடிக்காமல் இப்படி நடக்கிறான் என்றால், அப்படி நடந்த இன்னொருத்தர்? அந்தச் சேலைக்குப் பாதி ஃபால்தான் வைத்திருந்தேன். மிச்சத்தை அடித்துக் கொடுக்க அப்புறம் நாலு நாள் ஆயிற்று.

அரசாங்க ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒரு சின்னப் பெண். இந்தியில்தான் பேசினாள், ஆனால் பொறுமையாகப் பேசினாள். தம்பியை நாக்கை நீட்டச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், கோட்டின் மேல் நடக்கச் சொன்னாள். பிறகு எங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். நான் யோசிக்காமல், "அவர் குடிப்பார்" என்றேன். அத்தனை வருஷத்துப் பழக்கம்.

"எப்படி நடப்பார்? காட்ட முடியுமா?"

அந்த அறையில் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் நான் நடந்து காட்டினேன். ஒரு தோள் முன்னால், முழங்கால் திடீரென்று மடங்கி, கை ஒன்றையும் பிடிக்காமல் காற்றில் எதையோ பிடிக்கப் போய், முகம் ஒரு பக்கம் சுளித்து. முப்பது வருஷம் ஆகியும் உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. தம்பி முதலில் சிரித்தான், பன்னிரண்டு வயதில் சிரித்த அதே சிரிப்பு. பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

ரத்தம் எடுப்பதற்கு முன்னால், ஆலோசனை சொல்வதற்கென்றே இருக்கிற இன்னொரு அம்மா எங்களை உட்கார வைத்து, இதைத் தெரிந்துகொண்டால் என்ன, தெரிந்துகொள்ளாவிட்டால் என்ன என்று வெகுநேரம் பேசினார். சில வாரம் கழித்து முடிவு வந்தது. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். உடம்பு எப்படி ஆக வேண்டும் என்று உள்ளே எழுதியிருக்கிறதாம். அதில் ஓர் இடத்தில், சொன்னதையே சொல்லும் மனுஷர் மாதிரி, ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அளவாக வந்தால் ஒன்றுமில்லை. அளவு மீறினால் மூளையில் ஒரு பகுதி நடு வயதில் மெல்லக் கெட ஆரம்பிக்கும். நடை, கை, ஞாபகம், கூடவே சுபாவமும் மாறும். சாந்தமானவருக்குக் கோபம் வரும், யோசிக்காமல் எறிவார், ஏசுவார். ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்க மாத்திரை உண்டு, நோயை நிறுத்த மருந்து இல்லை. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக.

தம்பி கேட்டான், "எங்க அப்பா அன்னைக்குத் தட்டை எறிஞ்சாவளே, அதுவும் இதுதானா?"

"இருக்கலாம்."

"நான் ஸ்டூலை எறிஞ்சது?"

"அதுவும் இருக்கலாம். எவ்வளவு நோய், எவ்வளவு நீங்கள் என்று என்னால் கோடு போட்டுக் காட்ட முடியாது."

"அப்ப நான் எங்க இருக்கேன் டாக்டர்?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்கத்தான் ஆரம்பித்தான்.

மகளுக்குத் தெரிய வேண்டும், அது அவளுடைய உரிமை என்று டாக்டர் சொன்னாள். பிரசவம் முடியட்டும், கூட்டி வாருங்கள், நாங்கள் பேசுகிறோம், பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்பது அவள் இஷ்டம். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நான் அப்பாவுக்காக அழுதேன். அவர் செத்தபோது வராத அழுகை. தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் முழங்காலில் கையை வைத்தான், கை அங்கேயும் ஆடியது.

"எக்கா, அவகிட்ட சொல்லாத."

"ஏல, அவ உன்னக் குடிகாரன்னு நெனச்சிட்டிருக்கா. நீ குடிக்கலன்னாவது சொல்ல வேண்டாமா?"

"குடிக்கல, சீக்குன்னு சொன்னா என்ன சீக்குன்னு கேப்பா. ஃபோனை எடுத்து ரெண்டு நிமிஷத்துல எல்லாத்தையும் படிச்சிருவா. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு அதையா படிக்கணும்? குடிகாரன்னே நெனச்சிட்டுப் போறா. குடிகாரன் மவளுக்குக் குடி வராது. எங்கிட்ட வேற ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா அவ தெனமும் தன் கையைத்தான் பாத்துக்கிட்டு இருப்பா."

அவன் பெயரைக் காப்பாற்றுகிற அதே வார்த்தைதான் அவள் நிம்மதியைக் கெடுக்கிற வார்த்தை. சொல்ல மாட்டேன் என்று அவன் தலையில் கை வைத்துச் சொன்னேன். என்னைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் பாதிக்குப் பாதிதான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதாகிறது, இதுவரை ஊசியில் நூல் கோக்கிறேன். நான் ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பெண் குழந்தை பிறந்தது. ஃபோனில் படம் வந்தது. தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான், விரல் ஆடி அது ஒவ்வொரு தடவையும் எங்கோ ஓடிப்போனது. பார்க்க வரலாமா என்று நான் கேட்டேன். மகள் சொன்னாள், "அத்தை, அப்பா குடியை விடட்டும். விட்டப்புறம் வரட்டும். இந்த வீட்டுல எனக்கு மூஞ்சி காட்ட முடியல."

நான் அதைத் தம்பியிடம் அப்படியே சொல்லவில்லை. ஆனால் ஸ்பீக்கரில் பேசினால் பத்துக்குப் பத்து வீட்டில் எதை மறைக்க முடியும்? மறுநாள் காலையில் அவன் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றான்.

"எக்கா, நான் கயிறு கட்டிக்கிடுதேன்."

"குடிக்காதவனுக்கு எதுக்குல கயிறு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று எனக்கு உறைத்தது.

"மாடனுக்குத் தெரியும் நான் குடிக்கலன்னு. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. அவ கயிறைப் பாத்தா உள்ள விடுவா."

பழைய பூசாரி போய்விட்டார், இப்போது அவர் மகன். தம்பியின் கையைப் பிடித்தபடி சிரித்தார். "உங்க ஐயாவுக்கு எங்க ஐயா கட்டுனாவ, உனக்கு நான் கட்டுதேன். ரத்தம் விடுமா பாத்தியா?" நான் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது சரிதான், அவர் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான். "இனித் தொட மாட்டேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் தம்பிக்கு "இனி" வரவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தான். மூன்றாவது தடவை சொன்னான். கோயில் வாசலில் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் படம் எடுத்து அனுப்பினேன். ஆடிய கை படத்தில் கலங்கிப் போயிருந்தது, கயிறு மட்டும் ஓரளவு தெரிந்தது. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ஒரு இருதயப் படம், "சண்டே வாங்க".

ஞாயிற்றுக்கிழமைக்குள் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டான். கல்யாணில் அவள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் இருந்தது, அவன் பொத்தானை அழுத்த விடாமல் நான் அழுத்தினேன். மாப்பிள்ளையும் அவன் அப்பா அம்மாவும் ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தார்கள், அவள் அப்படிப் பார்த்துத்தான் எங்களை வரச் சொல்லியிருக்கிறாள். கதவைத் திறந்தவள் முதலில் பார்த்தது கயிற்றை. கண் கலங்கிவிட்டது. "வாங்கப்பா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் சோபாவில் உட்கார வைத்தாள். அவன் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான். ஐந்து நிமிஷம் நல்ல நேரம். மூக்கு அவள் மாமியாருக்கு, உதடு இவளுக்கு என்று நான்கூடப் பங்கு வைத்தேன்.

"புடிங்கப்பா" என்று அவள் குழந்தையை நீட்டினாள்.

அவன் கையை வெளியே எடுத்தான். எடுத்தவுடன் அது தன் வேலையைக் காட்டியது. பக்கத்து ஸ்டூலில் இருந்த டீ கிளாஸ் பறந்து தரையில் விழுந்து உடைந்தது, சூடான டீ அவள் காலில் தெறித்தது. அவள் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். முகத்தில் வளைகாப்பு அன்று வராத கோபம்.

"கயிறு கட்டிக்கிட்டுமா? புள்ளையப் பாக்க வரும்போதுமா அப்பா?"

அவன் கீழே சிதறின கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான், "கொஞ்சூண்டுதான்மா. ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னால. தப்புதான்."

வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டு தொடாதவன். பொய்கூட அவனுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. நாங்கள் ரயில் ஏறிய காலை ஏழு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று அவள் ஆரம்பித்தாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவள் வயிற்றுப்பிள்ளைக்காரியாக இருக்கும்போது வாயைக் கட்டிக்கொண்டேன். இப்போது என் முன்னால் என் தம்பி உட்கார்ந்திருந்தானா, என் அப்பா உட்கார்ந்திருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. குடிக்காத ஒருத்தரைக் குடிகாரர் என்று சொல்லியே அனுப்பி வைத்தவள் நான். இரண்டாவது தடவையும் என்னால் தலையை ஆட்ட முடியாது.

"அவன் குடிக்கலட்டி" என்றேன். "அவன் குடிக்கவே இல்ல. தாத்தாவும் குடிக்கல."

"எக்கா!" என்று அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் சாய்ந்து சுவரைப் பிடித்தான். நான் நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன், முன்னும் பின்னுமாகச் சொன்னேன். முதலில் அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்ப வளைகாப்பு அன்னைக்கு நான்தான் உங்கள..." என்றாள். பிறகு ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி கண் என் பக்கம் திரும்பியது.

"எனக்கு?"

"பாதிக்குப் பாதின்னு சொல்லுதாவ."

"இவளுக்கு?"

"உனக்கு இல்லன்னா இவளுக்கு இல்லம்மா."

"இருந்தா?"

அதற்குப் பதில் அவளுக்கே தெரிந்தது. குழந்தையின் மூடின கையை விரித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள். பிறந்த குழந்தை தூக்கத்தில் கையை உதறும், எல்லாக் குழந்தையும் உதறும். அந்த நேரம் பார்த்து அது உதறியது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை எடுத்து வந்து அப்பனிடம் நீட்டினாள். "தலகாணி வச்சிக்கலாம்பா. நான் கீழே கை வச்சிக்கிறேன், பயப்படாதீங்க." அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். இவ்வளவு தூரம் எதற்காக வந்தானோ அதை வாங்க மாட்டேன் என்றான். தூர நின்று பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய்ச் செருப்புக்குள் காலை நுழைக்க முயன்றான். அது நுழையவில்லை. நான் குனிந்து போட்டுவிட்டேன்.

திரும்பி வருகிற ரயிலில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சில் இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பகல்லயே ஏத்திட்டு வந்திருக்கான்" என்று இந்தியில் சொன்னார். நான் இந்தியிலேயே சத்தமாக, அவருக்குக் கேட்கும்படி, "அவன் குடிக்கவில்லை, அவனுக்கு உடம்பு சரியில்லை" என்றேன். முதல் தடவையாக ஊர் கேட்கச் சொன்னேன். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

"உன்னக் கேட்டேனா?" என்றான்.

குர்லா வரும்வரை நான் காத்திருந்தேன், வேறு ஏதாவது சொல்வான் என்று. சொல்லவில்லை.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் போட்ட சோற்றைச் சாப்பிடுகிறான். கடைக்கு வந்து பக்கத்தில் உட்காருகிறான், ஃபால் துணியை எடுத்துக் கொடுக்கிறான். எதிரே இருப்பவர்களிடம் பேசுகிறான், என்னிடம் பேசுவதில்லை. மகள் இன்னும் ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை. ஒரு தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து, சீட்டு எடுத்து, பேர் கூப்பிடுவதற்குள் எழுந்து போய்விட்டாள். புருஷனிடம் சொல்லியிருக்கிறாளா என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் கூப்பிடுகிறாள். குழந்தையைக் காட்டுகிறாள், அது இப்போது குப்புற விழுகிறது. ஃபோனை நான்தான் பிடித்துக்கொள்கிறேன். தம்பி முகத்தை மட்டும் அதற்குள் வைத்து, கையை லுங்கிக்கு அடியில் அமுக்கிக்கொள்கிறான். போன வாரம் அவள், "அப்பா, கையைக் காட்டுங்க" என்றாள். ஆட்டம் கூடியிருக்கிறதா, மாத்திரை கேட்கிறதா என்று பார்க்கத்தான் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "என் கையில என்ன இருக்கு, புள்ளையக் காட்டு" என்றான். அவள் ஃபோனைக் குழந்தை பக்கம் திருப்பினாள். திருப்பும்போது அவள் கையின் ஆட்டம் படத்தில் தெரிந்தது. ஃபோனைப் பிடிக்கிற யாருக்கும் அவ்வளவு ஆட்டம் இருக்கும்தானே என்று அன்றைக்கு முழுக்க மிஷினில் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பியும் அதைப் பார்த்திருப்பான். அவன்தான் என்னிடம் பேசுவதில்லையே.